அந்த அறை எதற்கு?

'பிளாக்' படத்தை மறுபடி பார்த்தேன். சஞ்சய் லீலா பன்சாலி 2005-ல் எடுத்தது. கண்ணும் தெரியாத, காதும் கேட்காத சிறுமி. அவளை வழிக்குக் கொண்டுவரும் வாத்தியாராக அமிதாப். சாப்பாட்டு மேசை மல்லுக்கட்டைப் பார்த்துக் கண் கலங்காதவர்கள் குறைவு. நடிப்பில் குறையே இல்லை. குறை வேறு இடத்தில்.

இந்தக் காட்சியின் தாய்வீடு ஆர்தர் பென்னின் 'தி மிராக்கிள் வொர்க்கர்' (1962). ஹெலன் கெல்லராக பாட்டி டியூக், டீச்சர் ஆன் சல்லிவனாக ஆன் பான்கிராஃப்ட். சிறுமி அறைந்தால் டீச்சரும் திருப்பி அறைவார். இருவருக்குமே ஆஸ்கர் கிடைத்தது. பார்க்கிறவர் மனசில் தங்குவது என்ன? 'பிடிவாதத்தை உடைச்சாத்தான் படிப்பு வரும்!'

நிஜத்திலும் 1887 மார்ச்சில் அப்படியொரு சண்டை நடந்தது. ஆனால், சல்லிவனின் கடிதங்களில் அதைவிடப் பெரிய சங்கதி ஏப்ரலில் வருகிறது. பேசப் பழகும் ஒரு சின்னக் குழந்தையைக் கவனித்துவிட்டு, பாடவேளை என்ற கட்டாயத்தையே விட்டுவிடுகிறார். குழந்தையின் காதில் நாம் பேசுகிற மாதிரி, ஹெலனின் உள்ளங்கையில் நாள் முழுக்க எழுத்துக்கூட்டிப் பேச முடிவெடுக்கிறார். வார்த்தை கிடைத்த கைக்கு அடிக்கவேண்டிய அவசியம் குறையும்.

பண்ருட்டி பக்கத்துத் திருவதிகைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். திருநாவுக்கரசரின் சூலை நோய் அந்த ஊர்க் கதை. மடத்தில் செய்த வைத்தியம் பலிக்காமல், திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாரிடம் வந்து சேர்ந்தார் என்கிறது பெரியபுராணம். வெளியே தெரியாத வலிதான். ஆனால் சொல்ல அவருக்கு வாய் இருந்தது. கேட்க அக்கா இருந்தார். இரண்டும் இல்லாத பிள்ளை தலையைச் சுவரில் மோதும், பக்கத்துப் பையனைக் கடிக்கும். நாம் 'அடம்' என்போம். பல்வலியாக இருக்கலாம், மலச்சிக்கலாக இருக்கலாம். காலரில் உறுத்தும் லேபிள், பள்ளி மணி, ட்யூப்லைட்டின் சிமிட்டல்கூட சில பிள்ளைகளுக்குத் தாங்காது.

நான் படித்தது காமர்ஸ். வவுச்சர் இல்லாமல் செலவு எழுத மாட்டோம். அடத்துக்கும் வவுச்சர் உண்டு. அதற்கு முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பிறகு அதற்கு என்ன கிடைத்தது? விவரம் தெரிந்த சிறப்பு டீச்சர்கள் இந்த மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டே வருவார்கள். காரணம் மெல்லத் தலைகாட்டும். அப்புறம் கடிப்பதற்குப் பதிலாக 'போதும்' என்று காட்ட ஒரு சைகையோ படமோ பழக்குவார்கள். பிள்ளை காட்டினதும் நிறுத்திவிடணும். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

2009-ம் வருட கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு பள்ளியில் அடிப்பதைத் தடை செய்கிறது. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிஸத்தையும், பார்வையும் கேட்கும் திறனும் சேர்ந்து இல்லாத நிலையையும் பட்டியலில் வைத்திருக்கிறது. சட்டம் வந்தாச்சு. நம் கைதட்டல்தான் இன்னும் அந்த அறைக்கே விழுகிறது.

அடுத்து இப்படிப் படமெடுக்கிறவர், நோட்டும் பென்சிலுமாக ஓரமாக உட்கார்ந்து கவனிக்கும் டீச்சரை ஐந்து நிமிஷம் காட்டட்டும். அதற்குப் பெரிய ஸ்டார்கூட வேண்டாம்.