வீழும் மீனுக்கும் வருணமோ?

விண்ணிலிருந்து ஒரு மீன் எரிந்து வீழ்வதைக் காணாத மனித சமுதாயம் உலகில் இல்லை. காட்சி எல்லோர்க்கும் ஒன்றே. ஆயின், அக்காட்சிக்குக் கற்பிக்கப்பட்ட பொருளோ அவ்வச் சமுதாயத்தின் அமைப்பைப் பொறுத்தே பிறந்தது. பண்டை இந்திய நூல்கள் எரிமீனைப் பற்றிக் கூறுவனவற்றை ஆராயுமிடத்து இவ்வுண்மை தெளிவாகும். எல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோரும், எல்லாம் நம் முன்னோர் கண்ட விஞ்ஞானமே என்று மார்தட்டுவோரும் அந்நூல்களைத் திறந்து பார்ப்பதில்லை. நாம் திறந்து பார்ப்போம்.

மகாபாரதத்து வனபருவத்தில் இந்திரலோகம் செல்லும் அருச்சுனனுக்குத் தேர்ப்பாகன் மாதலி ஒரு விளக்கம் கூறுகிறான். மண்ணிலிருந்து நோக்குவார்க்கு விண்மீன்களாகத் தோன்றுவோர் புண்ணியம் செய்தோரே என்பது அவ்விளக்கம். ஆதிபருவத்து யயாதியோ, தன் புண்ணியம் பற்றிச் செருக்குற்றமையால் சுவர்க்கத்திலிருந்து வீழ்கிறான். இவ்விரண்டையும் இணைத்தால் எரிமீன் யாதென்பதற்கு விடை கிடைத்துவிடும். கி.பி. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர், தமது பிருகத் சம்ஹிதையில் எரிமீன்களுக்கெனத் தனி அத்தியாயமே வகுத்துள்ளார். சுவர்க்கத்தில் நற்பயனைத் துய்த்து முடித்தோர் கீழே வீழும் உருவங்களே எரிமீன்கள் என்பது அவர் தரும் வரைவிலக்கணம்.

அவ்வத்தியாயத்தில் கூர்ந்து நோக்கிய கண் ஒன்று உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. திஷ்ணியா, உல்கா, அசனி, வித்யுத், தாரா என ஐவகையாக அவர் பிரிக்கிறார். தாரா தாமரை நூல்போல் மெல்லியது; உல்கா தலை பருத்து வால் மெலிந்தது, வீழுந்தோறும் வளர்வது; அசனி பேரொலியுடன் நிலத்தைப் பிளப்பது. இடியும் மின்னலும் இப்பாகுபாட்டிற் கலந்துவிட்டன எனினும், தோற்றத்தை நோக்கி இனம் பிரித்தல் விஞ்ஞானத்தின் முதற்படியே ஆகும்.

ஆனால் அடுத்த படியில் நூல் எங்கே கால் வைக்கிறது? வெண்ணிற உல்கா பிராமணர்க்கும், செந்நிற உல்கா சத்திரியர்க்கும், மஞ்சள்நிற உல்கா வைசியர்க்கும், கருநிற உல்கா சூத்திரர்க்கும் கேடு விளைக்குமாம். உல்காவின் தலை, மார்பு, விலா, வால் என்னும் உறுப்புக்களும் இவ்வாறே நால்வருணத்தார்க்கும் பங்கிடப்படுகின்றன. வடக்கு முதலாகத் திசைகளுக்கும் இதே வரிசைதான். உல்காவின் பலன் 15 நாளில், அசனியின் பலன் 45 நாளில், தாராவின் பலன் 6 நாளில் என்று தவணையும் குறிக்கப்படுகிறது. மண்ணில் மனிதன் கட்டிய ஏணியை விண்ணில் ஏற்றி வைத்து, பின்னர் விண்ணிலிருந்தே அது இறங்கியதுபோலக் காட்டும் வேலை இது. பருத்த தலை பிராமணனுக்கும் மெலிந்த வால் சூத்திரனுக்கும் ஒதுக்கப்பட்டது தற்செயலன்று.

இது அறியாமையின் விளைவு என்று சிலர் சமாதானம் கூறுவர். அது பொருந்தாது. சந்திர கிரகணத்தில் சந்திரன் பூமியின் நிழலுட் புகுகிறது என்பதையும், சூரியனைச் சந்திரன் மறைப்பதே சூரிய கிரகணம் என்பதையும் இதே நூலில் வராகமிகிரர் தெளிவாகக் கூறுகிறார். அவருக்கு முன்னரே, கி.பி. 499இல், ஆரியபடர் இவ்வுண்மையை நிறுவியிருந்தார். எனினும், ராகு கிரகணத்துக்குக் காரணமல்ல என்று விளக்கிய அதே எழுத்தாணி கிரகணப் பலன்களையும் பக்கம் பக்கமாக எழுதிச் செல்கிறது. கி.பி. 628இல் பிரமகுப்தர், தாம் கணிதத்தில் வல்லவராயிருந்தும், மரபின் பக்கம் நின்று ஆரியபடரைச் சாடினார். ஏறத்தாழ 1030இல் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி இதனைக் கண்டு வியந்து கண்டித்தார்.

காரணம் அறிவுப் பஞ்சமன்று; அறிவு யாரிடம் ஊதியம் பெற்றது என்பதே. சோதிடன் இல்லாத அரசன் வழி தெரியாத குருடனை ஒப்பான் என்பது பிருகத் சம்ஹிதையின் கொள்கை. கிரகணத்தைக் கணிக்க முடிந்தமையால் கணக்கில் ராகுவுக்கு இடமில்லாது போயிற்று. எரிமீனோ முன்னறிவிப்பின்றி வருவது. கணக்கு எட்டாத அந்நிலம் நிமித்தம் விற்பவனின் தனிச்சொத்தாயிற்று.

தமிழிலும் எரிமீன் ஒன்று வீழ்ந்திருக்கிறது. புறநானூற்றின் 229ஆம் செய்யுள் கூடலூர் கிழார் பாடியது. பங்குனி மாதத்து இருள் செறிந்த நள்ளிரவில், எந்த மீன் உச்சியினின்று சாய்ந்தது, எந்த மீன் எதிரே எழுந்தது என்றெல்லாம் குறித்த பின்னர், ஒரு மீன் தீப்பரப்பி வீழ்ந்ததை அவர் கூறுகிறார். ஏழாம் நாள் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை மாண்டான். இதுவும் நிமித்தமே. ஆயினும் இங்கே அஞ்சுவோர் யாவர்? புலவரும் அவரோடு நின்ற இரவலருமே. அரசன் நோயின்றி இருத்தல் வேண்டுமென்று அவர்கள் ஏங்கினர். அவன் கை ஓய்ந்தால் அவர்கள் அடுப்பும் ஓயும். ஒருவன் உயிரிலே பலர் வாழ்வு தொங்கிய சமுதாயத்தின் நடுக்கம் அப்பாட்டில் ஒலிக்கிறது. அது துயரத்தின் குரல். யாரையும் நிறம் பிரித்துத் தண்டிக்கும் விதியன்று. அச்சத்தை உணர்ந்து பாடுவது இலக்கியம். அச்சத்தை அட்டவணையாக்கி ஆளுவது சாத்திரம். இவ்வேறுபாட்டைக் காணாத விமரிசனம் இரண்டையும் ஒரே கூடையில் வீசிவிடும்.

இன்று நாம் அறிவது என்ன? பெரும்பாலான எரிமீன்கள், வினாடிக்கு 11 முதல் 72 கிலோமீற்றர் வேகத்தில் வளிமண்டலத்துட் புகுந்து ஒளிரும் சிறு துணிக்கைகளே. கற்கள் விண்ணிலிருந்து வருவன என்று கிளாட்னி 1794இல் எழுதியபோது ஐரோப்பிய அறிஞரும் நகைத்தனர். 1803இல் பிரான்சின் லேய்க்கில் கல்மாரி பொழிந்த பின்னரே நகைப்பு அடங்கிற்று. 1865இல் பீகாரின் ஷெர்காட்டியில் வீழ்ந்த கல் செவ்வாயிலிருந்து வந்தது என்பது பிற்கால ஆராய்ச்சியின் முடிபு.

மகாராட்டிரத்து லோனார் ஏரி, விண்கல் மோதிய ஏறத்தாழ 1.8 கிலோமீற்றர் அகலமான பள்ளம். திருமால் அசுரனை வதைத்த இடம் அது என்னும் கதையைக் காட்டி, முன்னோர் அம்மோதலை அறிந்திருந்தனர் என வாதிப்போர் உளர். 2011இல் வெளியான ஆராய்ச்சி அப்பள்ளத்தின் வயதை ஏறத்தாழ 570,000 ஆண்டு என மதிப்பிட்டது. அத்துணை நீண்ட நினைவு எந்த மக்களுக்கும் இல்லை. பள்ளத்தைக் கண்ட பின் பிறந்த கதையே அது. கதையாகவே அது இனிது.

2013 பெப்ரவரி 15ஆம் நாள் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகர்மீது ஒரு விண்கல் வெடித்தது. ஏறத்தாழ 1,500 பேர் சிகிச்சை நாடினர். பெரும்பாலும் உடைந்த யன்னற் கண்ணாடியே காயத்துக்குக் காரணம். அக்கண்ணாடி எவரது குலத்தையும் விசாரிக்கவில்லை.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் கூறுவது இதுவே. டிசம்பர் நடுப்பகுதியில் ஆண்டுதோறும் எரிமீன்கள் மிகுதியாகப் பொழியும். அவ்விரவுகளில் மாணவரை வெட்டவெளிக்கு அழைத்துச் செல்லுங்கள். மறுநாள் வகுப்பில் கூடலூர் கிழாரின் செய்யுளையும் வராகமிகிரரின் அத்தியாயத்தையும் அருகருகே வைத்துப் படியுங்கள். முன்னோரின் கூர்த்த கண்ணை நாம் உரிமையோடு ஏற்போம். அக்கண்ணுக்கு இடப்பட்ட திரையைக் கிழித்தெறிவோம். மீன்கள் வீழட்டும், ஏணிகளும் வீழ வேண்டும்.