கத்திமுனை தரும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

தொலைநோக்கி ஆடியை வீட்டிலேயே தேய்த்து மெருகேற்றுவோர் அதன் வளைவைச் சோதிக்க இன்றும் நம்பியிருப்பது, 1858இல் லெயோன் ஃபூக்கோ வகுத்த கத்திமுனைச் சோதனையைத்தான். ஊசித்துளை வெளிச்சம், ஒரு சவர அலகு, மில்லிமீற்றர் அளவுகோல் இருந்தால் போதும். ஆடியிலிருந்து திரும்பிவந்து குவியும் ஒளியை அலகு மெல்ல வெட்டும்போது, மயிரிழைத் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கான மேடுபள்ளமும் நிழலாகத் தெரிந்துவிடும். பிழையைக் கண்டுபிடிக்க இவ்வளவு மலிவான, கூர்மையான வழி வேறில்லை. ஆனால் அந்தப் பிழைக்கு ‘இருபதில் ஒரு அலை’ (ஒளியின் அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்கு) என்று எண் சூட்டும்போது, இதே முறையின் மேல் அது தாங்காத சுமையை ஏற்றிவிடுகிறோம்.

அலகு காட்டுவது மேற்பரப்பின் சரிவை; உயரத்தை அல்ல. வலயம் வலயமாக வாசித்த சரிவுகளைக் கூட்டித்தான் உயரத்தைப் பெறுகிறோம், ஆகவே ஒரு வாசிப்பின் தவறு அடுத்த வலயங்களுக்கும் தொற்றுகிறது. 150 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத்தூரமும் உள்ள ஆடியில் இது பெரிய கேடல்ல. பரவளைவாக வேண்டிய அந்த ஆடி கோளமாகவே நின்றுவிட்டாலும் ஒளியலையில் ஏறத்தாழ கால் அலைதான் பிழை. குவியத்தூரத்தைப் பாதியாக்கினாலோ கோளத்துக்கும் பரவளைவுக்குமான இடைவெளி எட்டு மடங்காகிவிடும். துல்லியமான எண் உண்மையிலேயே தேவைப்படுவது அங்கேதான். இன்னொரு குறை இதைவிடப் பெரிது. ஒரே விட்டத்தின் வழியே வாசிப்பவருக்கு, ஆடி ஒரு திசையில் கூடுதலாகவும் குறுக்கே குறைவாகவும் வளைந்திருப்பது தெரியவே தெரியாது. ஆடியைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்க்காத சோதனை அரைச் சோதனைதான்.

ஒரே சோதனையை நம்பி ஏமாறுவது கைவேலையின் குறையல்ல. தமிழ்நாட்டின் காவலூரில் 1986இல் இயங்கத் தொடங்கிய வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீற்றர் ஆடி பெங்களூரில் ஒளியியல் வல்லுநர் ஜெயராஜன் வழிகாட்டலில் மெருகேற்றப்பட்டதே. மறுபுறம், 1990இல் விண்ணுக்குச் சென்ற ஹபிள் ஆடி, விளிம்பில் ஏறத்தாழ 2.2 மைக்ரோமீற்றர் தட்டையாகிப் போயிருந்தது. சோதனைக் கருவியின் வில்லை 1.3 மி.மீ. இடம் தவறியிருந்ததே காரணம். வேறு சோதனைகள் பிழையைக் காட்டியும், துல்லியம் குறைந்தவை என்று அவை ஒதுக்கப்பட்டன.

அப்படியானால் விண்மீனையே பார்த்துச் சோதிக்கலாமே எனலாம். குவியத்துக்கு உள்ளும் வெளியும் விண்மீன் வட்டம் ஒரே மாதிரி தெரிந்தால் ஆடி நல்லது. இதற்கு அசையாத துருவ நட்சத்திரத்தை நூல்கள் பரிந்துரைக்கின்றன. கிழக்கிலங்கையின் மாங்கேணியில் அது அடிவானிலிருந்து எட்டுப் பாகைதான் உயர்கிறது. அங்கே காற்றின் அலைக்கழிப்பு அதிகம். உச்சிவான் விண்மீனோ, உயர்ந்த உருப்பெருக்கத்தில் ஒரு நிமிடம் போலத்தான் பார்வைக்குள் நிற்கும். காற்று குழப்பும் முறையை ஏன் நம்ப வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் காற்றின் குழப்பம் இரவுக்கிரவு மாறும். ஆடியின் குறை மாறாது. பல இரவுகளிலும் அதே இடத்தில் நிலைத்து நிற்பது ஆடியின் குறை. அது கத்திமுனை வாசிப்போடு ஒத்துப்போகாவிட்டால், எண்ணை ஒதுக்கிவிட்டு ஆடியை மீண்டும் மெருகுத் தட்டில் வைப்பதே சரி.