தச்சு முறையில் ஓர் இரும்புப் பாலம்

இரும்புச் சட்டம் ஒன்றின் முனை நாக்குபோல நீண்டு, அடுத்த சட்டத்தின் துளைக்குள் நுழைகிறது. ஆடாமலிருக்க இடுக்கில் ஓர் ஆப்பு. இன்னோரிடத்தில் புறா வால்போல் விரிந்த முனை, அதற்கென்றே வார்த்த பள்ளத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. நிலைச்சட்டம் கோக்கும் தச்சர் செய்கிற வேலைதான் இது. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷைரில், செவர்ன் ஆற்றின் குறுக்கே 1779இல் எழுந்த 'அயர்ன் பிரிட்ஜ்' முழுக்க இந்தக் கைவேலைதான். ரிவிட் கிடையாது. அரை வளைவுகள் சந்திக்கும் உச்சியில் மட்டும் போல்ட்.

வரைந்தவர் தாமஸ் ஃபார்னல்ஸ் பிரிச்சர்ட், தச்சுத் தொழில் பயின்று கட்டடக் கலைஞரானவர். வேலை தொடங்கிய கையோடு 1777இல் இறந்துவிட்டார். வார்த்து நிறுத்தியவர் மூன்றாம் ஆபிரகாம் டார்பி. மரக்கரிக்குப் பதில் கல்கரியால் இரும்பு உருக்கிக் காட்டியவர் இவருடைய தாத்தா. அது 1709இல், பக்கத்துக் கோல்புரூக்டேலில். பேரனுக்குப் பாலம் பெயரைத் தந்தது, கூடவே வாழ்நாள் கடனையும்.

படகுப் போக்குவரத்து நிறைந்த ஆறு. நடுவில் தூண் நிறுத்த முடியாது. ஆகவே நூறடி அகலத்தை ஒரே வளைவில் தாண்டினார்கள். வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால் விண்டுவிடும். வளைவில் பாரமெல்லாம் அழுத்தமாகவே இறங்குவதால் பொருளும் வடிவமும் ஒத்துப்போயின. ஐந்து வளைவுகள், ஒவ்வொன்றும் இரண்டு பாதி. பாதி ஒன்று ஐந்து டன்னுக்கு மேல். எப்படித் தூக்கினார்கள் என்பது வெகுகாலம் புதிர். எலியாஸ் மார்ட்டின் தீட்டிய நீர்வண்ண ஓவியம் 1997இல் ஸ்டாக்ஹோமில் வெளிப்பட்டபோதுதான் மரச்சாரமும் படகும் தெரியவந்தன.

வளைவுக்கும் பாதைக்கும் இடையிலுள்ள வட்டங்கள் சுமக்கும் பாரம் சொற்பம்தான். எனக்கு அவை இல்லாமல் இந்தப் பாலம் மொட்டையாகத் தோன்றும்.

மொத்த எடை சுமார் 378 டன். புதுப் பொருள், அளவு தெரியாத பயம், அள்ளிப் போட்டிருக்கிறார்கள். 1795 வெள்ளத்தில் செவர்னின் பாலங்கள் பல சேதமாயின, இது அசையவில்லை. அந்த வெள்ளம் கொண்டுபோன பில்ட்வாஸ் பாலத்துக்குப் பதிலாகத் தாமஸ் டெல்ஃபோர்ட் அடுத்த ஆண்டே இரும்பில் ஒன்று கட்டினார். தாண்டிய அகலம் 130 அடி, இரும்போ இதில் பாதிக்கும் குறைவு. கணக்கில் டெல்ஃபோர்ட்தான் கெட்டிக்காரர். ஆனால் அவர் பாலம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போய்விட்டது. டார்பியுடையதைக் கரைகள் இரண்டும் உள்நோக்கி நெருக்கிக்கொண்டே இருக்க, 1970களில் ஆற்றடியில் கான்கிரீட் முட்டுக் கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

வண்டிகள் 1934இல் நின்றன. சுங்கச்சாவடிப் பலகை இன்னும் இருக்கிறது: பணியிலிருக்கும் சிப்பாயானாலும், தபால் வண்டியானாலும், அரச குடும்பமே ஆனாலும் அன்று காசு வைக்காமல் கடந்திருக்க முடியாது.