குடிநோய்க்கு யாரிடம் போவது?

தமிழ்நாட்டில் குடிநோய்க்கு வைத்தியம் தேடும் குடும்பம் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் புறப்படுகிறது: எங்கே சேர்க்கலாம்? தெரிந்தவர்களிடம் விசாரிக்கிறார்கள், யாரோ சொன்ன மறுவாழ்வு மையத்துக்குப் போன் செய்கிறார்கள். எத்தனை நாள், எவ்வளவு பணம், வண்டி அனுப்பி ஆளைக் கூட்டிப் போவார்களா என்று கேட்டுவிட்டு முடிவெடுக்கிறார்கள். அங்கே நோயாளியோடு உட்கார்ந்து பேசப்போவது யார், என்ன படித்தவர், வெளியே வந்த பிறகும் அவரையே போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்பது அபூர்வம். கட்டிலுக்கும் பூட்டிய கதவுக்கும் அலைகிற அலைச்சலில் பாதிகூட, குணப்படுத்தும் வேலையைச் செய்யப்போகிற மனிதரைத் தேடுவதில் இல்லை. இந்த வழக்கத்துக்குள் நியாயம் உண்டு. அதை மறுப்பது அந்தக் குடும்பங்களின் தவிப்பை மறுப்பதாகும். ஆனாலும், கிடைத்திருக்கும் சான்றுகளைப் பார்த்தால், சிகிச்சையாளரைத் தேடுவதில்தான் இந்தத் தேடல் தொடங்க வேண்டும் என்று உறுதியாகத் தோன்றுகிறது.

முதலில் நியாயத்தைப் பார்க்கலாம். பல வருடங்களாகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் சிலருக்குப் புத்தி பேதலித்து, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் இந்த நிலை உயிரையே பறிக்கும். சாமி முன்னால் சத்தியம் வாங்கி, வீட்டிலேயே அடைத்துப் போட்டுக் குடியை நிறுத்த முயல்வதன் ஆபத்து இதுதான். மருத்துவர் மேற்பார்வையில், மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, தயமின் வைட்டமினைச் சேர்த்துக் கொடுத்து அந்தச் சில நாட்களைக் கடத்தப் பலருக்குப் படுக்கை தேவைப்படுகிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, நஞ்சகற்றுவதோடு உளவியல் சிகிச்சையையும் குடும்பத்தாருக்கான தனி வகுப்புகளையும் இணைத்து, உள்நோயாளி சிகிச்சையை எவ்வளவு பொறுப்போடு நடத்தலாம் என்று காட்டியது. வேறு வகையிலும் இந்த வழக்கத்துக்கு ஆதரவாகப் பேசலாம். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். இப்படிப்பட்ட நாட்டில் எந்தக் கதவு திறந்தாலும் அது நல்லதுதானே என்று கேட்பவர்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் உடலிலிருந்து நஞ்சு இறங்குவது வேறு, குடியில்லாமல் வாழப் பழகுவது வேறு. முன்னதற்கு ஒன்றிரண்டு வாரம் போதும். பின்னதற்கு மாதங்களும் வருடங்களும் ஆகும். போதை நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் மீண்டும் பழக்கத்துக்குத் திரும்புகிறார்கள் என்று மெக்லெல்லனும் அவருடைய சகாக்களும் 2000இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் எழுதினார்கள். இரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்ற நாட்பட்ட நோய்களோடு ஒப்பிட்டு, இதையும் தொடர்ந்து பார்க்க வேண்டிய நோயாக நடத்தச் சொன்னார்கள். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாதம் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டு, அது மறுபடி ஏறினால் நோயாளியைத் திட்டுகிற மருத்துவரை யாரும் ஏற்கமாட்டோம். குடிநோயில் மட்டும் அதையே சிகிச்சை என்கிறோம். பூட்டிய மையத்துக்குள் சம்பள நாள் இல்லை, கல்யாண வீடு இல்லை, சாவு வீடு இல்லை, வேலை முடிந்து திரும்பும் வழியில் டாஸ்மாக் கடை இல்லை. அங்கே ஒரு மாதம் குடிக்காமல் இருந்ததை வைத்து வெளியே என்ன நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. உண்மையான சோதனை தொடங்கும் நாளில் மையத்தின் வேலை முடிந்துவிடுகிறது. பக்கத்தில் இருக்க வேண்டிய ஆளை யாரும் தேடி வைத்திருப்பதில்லை.

அந்த ஆள் ஏன் அவ்வளவு முக்கியம்? அமெரிக்காவில் 1,726 பேரை வைத்து நடந்த ‘புராஜெக்ட் மேட்ச்’ ஆய்வின் முதன்மை முடிவுகள் 1997இல் வந்தன. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, ஊக்கம் வளர்க்கும் சிகிச்சை, பெயர் வெளியிடாக் குடிநோயாளிகள் சங்கத்தின் பன்னிரு படி வழி ஆகிய மூன்று முறைகளையும் ஒப்பிட்டார்கள். மூன்றிலும் குடி வெகுவாகக் குறைந்தது. முறைகளுக்கு இடையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதற்கு முன்பே, 1980இல் வில்லியம் மில்லரும் சகாக்களும் வேறொன்றைக் கவனித்திருந்தார்கள். ஒரே முறையைக் கையாண்ட சிகிச்சையாளர்களில், நோயாளி சொல்வதைப் பரிவோடு காதுகொடுத்துக் கேட்டவர்களிடம் வந்தவர்களின் குடி ஆறு மாதம் கழித்து அதிகம் குறைந்திருந்தது. மில்லர் பங்கேற்ற 1993ஆம் ஆண்டு ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது: சிகிச்சையாளர் எவ்வளவுக்கு எவ்வளவு எதிர்த்து வாதிட்டாரோ, அந்த நோயாளி ஓராண்டு கழித்து அவ்வளவுக்கு அவ்வளவு கூடுதலாகக் குடித்தார். நம் ஊரில் கவுன்சிலிங் என்ற பெயரில் நடப்பதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் எதிரில் உட்கார வைத்து, குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி, அழ வைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று வாக்கு வாங்குவது பலருக்குச் சிகிச்சையின் உச்சமாகத் தெரிகிறது. கூனிக் குறுகிப்போன மனிதரை இன்னும் குறுக வைத்தால் அவர் தேடிப்போவது பாட்டிலைத்தான். இதில் நான் இரு பக்கமும் சமமாகப் பேசப்போவதில்லை. இந்த அவமானப்படுத்தும் முறையைச் சிகிச்சை என்று அழைப்பதே தவறு.

சரி, நல்லவரை எப்படி அடையாளம் காண்பது? மனநல மருத்துவர் என்றால் மருத்துவப் பட்டம் உண்டு, மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கவுன்சிலர் என்ற பலகையை மட்டும் யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளும் நிலைதான் நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் பட்டம் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லவும் சான்று இடம் தரவில்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, குடியால் பாதிக்கப்பட்ட 377 ஆண்களிடம் நடந்த ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வந்தது. உளவியல் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர்க்காரர்கள் அதிகபட்சம் நான்கு அமர்வுகள் பேசினார்கள். மூன்று மாதம் கழித்து, முந்தைய இரண்டு வாரங்களில் குடிக்கவே இல்லை என்றவர்கள் அந்தக் குழுவில் 42 விழுக்காடு; வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழுவில் 18 விழுக்காடு. இதைக் காட்டி யார் வேண்டுமானாலும் கவுன்சிலிங் செய்யலாம் என்று வாதிடுவோர் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். கோவாவின் அந்த உள்ளூர்க்காரர்களின் உரையாடல்கள் பதிவு செய்யப்பட்டு, தொடர்ந்து மதிப்பிடப்பட்டன. வந்தவர்களும் முழுமையாக அடிமையாகும் கட்டத்துக்குப் போகாதவர்கள். குடியை விட்டவரே ஆலோசகராக ஆவதைப் பற்றியும் இப்படித்தான் சொல்ல வேண்டும். வெட்கப்படாமல் அவரிடம் மனம் திறக்கலாம், நம்பிக்கையும் வரும். பெயர் வெளியிடாக் குடிநோயாளிகள் சங்கத்தின் பன்னிரு படி வழி, முழுதாகக் குடியை விடுவதில் மற்ற சிகிச்சைகளுக்கு ஈடாகவோ மேலாகவோ பலன் தருகிறது என்று 2020இன் காக்ரேன் மதிப்பாய்வும் சொல்கிறது. ஆனால் தான் விட்ட வழியிலேயே எல்லோரும் விட்டாக வேண்டும் என்று அவர் நினைக்கத் தொடங்கினாலோ, குடிக்கு அடியில் கிடக்கும் மனச்சோர்வைக் கவனிக்கத் தவறினாலோ, அந்த அனுபவமே தடையாகிவிடும்.

இவ்வளவும் சரி, வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஆளை எந்தச் சிகிச்சையாளரிடம் கூட்டிப் போவது என்பதுதான் வலுவான எதிர்வாதம். அடியும் உதையும் கடனுமாய் நொந்துபோன வீட்டில், தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் தன் வரம்புக்குள் சேர்த்திருக்கிறது. சுயமாக முடிவெடுக்க முடியாத நிலையில் உள்ளவரை, அவருடைய பிரதிநிதி விண்ணப்பிக்க, வல்லுநர்கள் பரிசோதித்து, 30 நாள் வரை அனுமதிக்க அது வழி தருகிறது. சங்கிலியில் கட்டுவதை முற்றாகத் தடுக்கிறது. ஆகவே அவசரத்துக்கு முறையான வழி உண்டு. ராத்திரியில் வண்டியோடு வரும் நான்கு தடியர்கள் அந்த வழியில் சேர்த்தியில்லை. தெரியாமல் சாம்பாரில் மாத்திரையைக் கலக்கும் பழக்கமும் அப்படித்தான். அப்படிக் கலக்கப்படும் டைசல்ஃபிரம் உடம்பில் இருக்கும்போது குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். விவரம் தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுபவருக்கு மட்டுமே அது மருந்து. அவர் வராவிட்டால் குடும்பம் முதலில் போகலாம் என்பதை நம்மில் பலர் யோசிப்பதே இல்லை. இப்படிக் குடும்பத்தாருக்குப் பயிற்சி தரும் ‘கிராஃப்ட்’ என்ற முறையை 1999இல் மில்லரும் மேயர்ஸும் டோனிகனும் சோதித்தார்கள். எப்போது பேசுவது, குடிக்காத நேரத்தை எப்படி இனிமையாக்குவது, எந்த விளைவை மூடி மறைக்காமல் விடுவது, அடி விழும் என்றால் எப்படித் தப்புவது என்பதையெல்லாம் அது கற்றுத்தந்தது. மறுத்துக்கொண்டிருந்தவர்களில் 64 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வந்தார்கள். குடும்பமே திரண்டு நேருக்கு நேர் நிறுத்திக் கேட்கும் முறையில் வந்தவர்கள் 30 விழுக்காடு.

பணமும் தூரமும் இன்னொரு எதிர்வாதம், அதுவும் உண்மை. பதிவு பெற்ற உளவியலாளர்கள் நகரங்களில் குவிந்திருக்கிறார்கள்; கூலி வேலைக்குப் போகிறவர் வாராவாரம் கட்டணம் கொடுக்க முடியாது. ஆனால் ஒரு மாத மையக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டும் குடும்பத்திடம் இந்த வாதம் முழுதாகச் செல்லாது. அதே பணத்தில் பல மாதங்கள் ஒருவரைத் தொடர்ந்து பார்க்க முடியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கட்டணமில்லாமல் தொடங்கலாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசி, அருகில் யாரைப் பார்ப்பது என்று கேட்கலாம். அரசின் பங்கில் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். மது விற்பனையைத் தானே கையில் வைத்திருக்கும் அரசு, நோயாளியை வார்டிலிருந்து அனுப்பும்போது அடுத்து யாரை, எந்தத் தேதியில் பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதித் தருவதை விதியாக்கலாம். இதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம், ஆட்கள்தான் வேண்டும். குடும்பத்தின் பங்கில், மூன்று நான்கு சந்திப்புகள் போனதும் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: நோயாளி இடையில் குடித்துவிட்டால் அதைத் தானே போய்ச் சிகிச்சையாளரிடம் சொல்கிறாரா, அல்லது அவரிடமும் மறைக்கிறாரா? மறைக்கிறார் என்றால் வேறொருவரைத் தேடலாம். அப்படித் தேடுவதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.