காதல் நாவலின் காலுறை

காதல் நாவல் என்றாலே நம்மிடையே ஓர் இளக்காரம் உண்டு. அதைப் படித்துவிட்டு ஒருத்தி சாக்ஸ் பின்னினாள் என்றால் கேட்கவே வேண்டாம். தோழர்கள் சிரித்து முடிக்கட்டும். 2011இல் அமெரிக்காவின் இன்டர்வீவ் நிறுவனம் 'ஜேன் ஆஸ்டின் நிட்ஸ்' என்று ஒரு சிறப்பிதழே கொண்டுவந்தது. நாயகன் பெயரிலும் நாயகி பெயரிலும் காலுறைப் பின்னல் குறிப்புகள் ஏராளம். ஒரு பிரதியை வாசித்தவள் பதிலுக்கு இன்னொரு பிரதியை எழுதாமல், நூலில் ஒரு பொருளைச் செய்கிறாள். இந்த வாசிப்பை எந்தக் கணக்கில் வைப்பது?

ஜானிஸ் ராட்வேயின் 'ரீடிங் த ரொமான்ஸ்' 1984இல் வந்தது. அமெரிக்காவில் ஓர் ஊரின் காதல் நாவல் வாசகிகளோடு பேசி எழுதியது. கதை ஒருபுறம் இருக்க, புத்தகத்தை விரிக்கும் செயலே அவர்களுக்கு முக்கியம் என்று கண்டார் ராட்வே. முகத்துக்கு நேரே புத்தகம் இருக்கும்வரை அவள் யாருக்கும் அம்மா இல்லை, மனைவி இல்லை. குற்றவுணர்வும் அங்கேதான். 'சும்மா உக்காந்து என்ன படிப்பு?' என்ற கேள்வி பின்னல் ஊசி பிடித்தவளை நோக்கி வராது. கை அசைகிறது, பொருள் வளர்கிறது, கடைசியில் யாரோ ஒருவர் காலுக்குப் போகிறது. ஆக, திருடிய நேரத்தை வீட்டுக்கே வட்டியோடு திருப்பித் தரும் ஏற்பாடாக இந்தச் சாக்ஸை வாசித்துவிடலாம்.

இவ்வளவோடு நின்றுவிடும் விமரிசனத்தைச் சோம்பேறித்தனம் என்பேன். காரணம், அந்தச் சாக்ஸில் மேலிருந்து கீழாக ஓடும் 'ரிப்'. திருப்பூர் பனியனின் கழுத்துப்பட்டியில் பார்த்திருப்பீர்களே, அதே மேடுபள்ளம்தான். 64 கண்ணி ஏற்றி, இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று சுற்றிக்கொண்டே போக வேண்டும். இந்தப் பக்கம் மேடாகத் தெரியும் கண்ணிதான் அந்தப் பக்கம் பள்ளம். துணி சுருங்கிக் காலைக் கவ்வும், இழுத்தால் விரியும். ஊசி பிடித்த கைக்கு இது சுலபம். ஆனால் 1589இல் வில்லியம் லீ செய்த காலுறைப் பொறிக்கு இது வரவில்லை. 170 வருஷம் கழித்து, 1759இல், ஜெடடையா ஸ்ட்ரட் தமது 'டர்பி ரிப்' கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு ஆர்க்ரைட்டோடு கூட்டுச் சேர்ந்து பருத்தி ஆலை முதலாளியும் ஆனார்.

பொறியில் உழைத்தவர்கள் கதை வேறு. பொறிக்கான வாடகையைக் கூலியிலேயே பிடித்துக்கொண்டார்கள். பெரும்பாலும் ஆண் பொறியில் உட்கார, பெண்களும் குழந்தைகளும் நூல் சுற்றினார்கள், தையல் போட்டார்கள். அகலத் துணியாகப் பின்னி, வெட்டித் தைத்த 'கட்-அப்' காலுறைகள் சீக்கிரம் பிரிந்துபோயின. தொழிலின் பெயரையும் கூலியையும் சேர்த்தே கெடுத்தன. 1811இல் நாட்டிங்ஹாம்ஷயரில் பொறிகள் உடைந்தன. பொறியை உடைத்தால் மரண தண்டனை என்ற மசோதாவை எதிர்த்து 1812 பிப்ரவரி 27 அன்று பிரபுக்கள் சபையில் பேசியவர் பைரன். இரண்டே வாரத்துக்குள் 'சைல்ட் ஹெரால்ட்' வெளியாகிப் புகழ் அவரைத் தூக்கிக்கொண்டுபோனது. இருண்ட முகமும் ரகசியக் காயமுமாகத் திரியும் காதல் நாவல் நாயகன் அந்தப் புகழின் வாரிசு. நாயகன் மிஞ்சினான். காலுறைக்காரர்களுக்காகப் பேசிய பேச்சை வகைமை கழற்றிப் போட்டுவிட்டது.

ஜார்ஜெட் ஹேயரின் 'ரீஜென்சி பக்' (1935) இதே 1811-12இல் நடக்கிற கதை. ரீஜென்சி காதல் நாவல் என்ற வகைமைக்கே தாய் ஹேயர். இவ்வகை நாவல்களில் காலுறை அணிந்த கால் தெரியும். பின்னிய கை அநேகமாகத் தெரியாது. நாயகன் ஒரே வாக்கியத்தில் உடுத்தி முடித்துவிடுகிறான். நான் ஒரு ஜோடி பின்னிப் பார்த்தேன். கணுக்கால் வருவதற்கே ஒன்பது மாலைகள் ஆயின. நாவல் மறைத்த உழைப்பு நேரத்தை, நாவலை நேசித்தவளின் விரல்கள் எண்ணிவிடுகின்றன. இதை வாசிப்பு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? அதற்காக, காசு கொடுத்து நூல் வாங்கி ஓய்வில் பின்னுகிற என்னையும் பசியில் தையல் போட்டவளையும் ஒரே தட்டில் வைக்க நான் தயாரில்லை.

ஜோடியை நானே வைத்துக்கொண்டேன். 'மெட்ராஸ் வெயில்ல சாக்ஸா, அதுவும் உனக்கேவா?' என்று வீட்டில் கேட்டார்கள். வெயில் அவர்களுக்கு இரண்டாம் பட்சம்தான்.