ஓடும் இரும்பும்

எல்லைப்புற ஊர்களின் அழகு நேர்ப்பார்வைக்கு அவ்வளவாகச் சிக்காது. அண்ணாந்தும் குனிந்தும் பார்க்க வேண்டும். மேற்கு உக்ரைனில், ருமேனிய எல்லையருகே, புரூத் ஆற்றங்கரையில் உள்ள செர்னிவ்ட்சி அப்படிப்பட்ட ஊர். 1918இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு சரிந்ததும் ருமேனியாவிடம் போனது. இரண்டாம் உலகப் போரில் கைமாறிக் கைமாறி 1944இல் சோவியத் வசமானது. 1991இல் சோவியத் ஒன்றியமும் சரிய, உக்ரைனின் நகரமாயிற்று.

முதலில் அண்ணாந்து பார்ப்போம். 1864 முதல் 1882 வரை செக் கட்டடக் கலைஞர் யோசெப் ஹ்லாவ்கா எழுப்பிய பேராயர் மாளிகை இன்று பல்கலைக்கழகம். 2011 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். செங்கல் சுவர்களைத் தாண்டிப் பார்வை மேலேறினால், கூரையெங்கும் மெருகேற்றிய வண்ண ஓடுகள். அவற்றின் கட்டங்களும் கோணங்களும் இவ்வட்டாரமான புக்கோவினாவின் கிராமத்துத் தறிகளில் விழும் கோலங்கள். குடியானவர் வீட்டுத் துணியின் அழகைப் பேராயரின் தலைக்கு மேல் ஏற்றிவைத்த கலைஞனின் துணிவை என்னவென்று புகழ்வது! இன்னும் உற்றுப் பார்த்தால், ஒரு கோபுரத்தில் யூதர்களின் அடையாளமான ஆறுமுனை நட்சத்திரங்கள். கட்டுமானத்துக்கு அவர்கள் தந்த பொருளுக்கு நன்றி என்கிறார்கள் ஊரார்.

இனிக் குனிந்து பார்ப்போம். அதே நட்சத்திரம் நாடக அரங்குச் சதுக்கத்தில், யூதர் இல்லத்தின் படிக்கட்டுக் கைப்பிடியிலும் உண்டு. இரும்பை வளைத்த கொல்லர், கொடிபோல் சுழலும் கம்பிகளுக்கு நடுவே அதைப் பூட்டியிருக்கிறார். சோவியத் காலத்தில் மேல்முனையையும் கீழ்முனையையும் அறுத்துவிட்டார்கள். எஞ்சிய நான்கு முனைகளை வெறும் அலங்காரம் என்று எண்ணிக் கடந்துவிடலாம். ஆனால் சுற்றியுள்ள வளைவுகள் அனைத்தும் ஆறு முனைகளுக்காக அளந்து வைத்தவை; அந்த இடைவெளியே இல்லாத முனைகளை வரைந்து காட்டுகிறது. கொல்லரின் கணக்கு ரம்பத்தையும் வென்று நிற்கிறது.

போருக்கு முன் இவ்வூரில் மூன்றில் ஒருவருக்கும் மேல் யூதர். 1941 முதல் பல்லாயிரம் பேரை ருமேனிய ஆட்சியாளர்கள் கிழக்கே டிரான்ஸ்னிஸ்ட்ரியாவுக்கு நாடுகடத்தினார்கள், பெரும்பாலோர் திரும்பவில்லை. இங்கே பிறந்த கவிஞர் பால் செலானின் பெற்றோரும் அப்படி நாடுகடத்தப்பட்டு மாண்டவர்கள்தான்.

பேரரசுகள் விழுந்த ஆண்டுகளை வரலாற்று நூல்கள் சொல்லிவிடும். அவற்றின் நிழலில் யார் யாரோடு சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதை ஓடு சொல்கிறது. அந்த உறவு அறுபட்ட இடத்தை இரும்பு சொல்கிறது. கூரையின் நிறைவை மட்டும் ரசித்துத் திரும்புகிறவர் பாதி ஊரைத்தான் பார்த்திருப்பார்.