தானே ஓடும் காரும் ஐப்பசி மழையும்

ஓட்டுநர் இல்லாமலே ஓடும் கார் வந்துவிட்டது என்கிறார்கள். வாசகர்களே, அது எந்த ஊரில் ஓடிப் பழகியது என்று எண்ணிப் பார்த்தீர்களா?

வேமோ நிறுவனம் 2020-இல் ஓட்டுநரற்ற வாடகைக் கார்களைப் பொதுமக்களுக்கு விட்டது, அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பகுதியில். அது பாலைநிலம், ஆண்டு மழையே ஏறத்தாழ 20 செ.மீ.தான். நம் திருவள்ளூர் மாவட்டத்து ஆவடியிலோ, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஒரே நாளில் அதைவிட மிகுதியாகக் கொட்டியது.

இந்தக் கார்களுக்குக் கண்கள் மூன்று: காமிரா, லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லிடார், ரேடார். கண்ணாடியில் நீர் வழிந்தால் காமிரா மங்கும். லேசர் ஒளியை மழைத்துளிகள் சிதறடிக்கும். ரேடார் அலையின் நீளம் சுமார் 4 மில்லிமீட்டர். ஆகவே மூடுபனியை எளிதில் ஊடுருவும். அந்த வகையில் அது மனிதக் கண்ணைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் சாலைக் கோட்டை ரேடார் காணாது. தேங்கிய நீருக்கடியில் உள்ள பள்ளத்தை மூன்றுமே காணா. முன்னே போகும் லாரியின் சக்கரம் எவ்வளவு மூழ்குகிறது என்று பார்த்தே ஆழத்தை மதிப்பிடுகிறார் நம் ஓட்டுநர்.

2021-இல் அமெரிக்க மோட்டார் சங்கம், முன்கண்ணாடியில் மழைபோல் நீர் தெளித்து, ஓட்டுநருக்கு உதவும் கருவிகளைச் சோதித்தது. நின்றிருந்த காரை நோக்கி 56 கி.மீ. வேகத்தில் சென்ற ஓட்டங்களில் 33 விழுக்காடு மோதலில் முடிந்தன. தடம் காக்கும் கருவி 69 விழுக்காடு ஓட்டங்களில் கோட்டைத் தாண்டியது.

2021 முதல் நம் நாட்டிலும் இத்தகைய 'இரண்டாம் நிலை'க் கருவிகளுடன் கார்கள் விற்பனையாகின்றன. இந்நிலையில் முழுப் பொறுப்பும் ஓட்டுபவருடையதே. வெயிலில் கருவி உதவுகிறது. மழை வலுத்தால் "இனி உன் பாடு" என்று விலகிக்கொள்கிறது. உதவி மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே அது கைவிடுகிறது! அதற்குள் ஓட்டுபவரின் கவனமும் தளர்ந்திருக்குமே. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரவு வேலை முடிந்து, மழையில் நெடுஞ்சாலையைக் கடக்கும் சைக்கிள்காரரின் உயிர் அந்தச் சில நொடிகளில்தான் இருக்கிறது.

கருவி வேண்டாம் என்பதன்று நம் வாதம். ஒரகடத்தில் மோட்டார் வாகனங்களுக்கான சோதனைத் தடங்கள் உள்ளன. அங்கே நம் பருவமழையின் அளவுக்கு நீர் பொழிந்து சோதித்து, எவ்வளவு மழையில் கருவி கைவிடும் என்பதை வாங்குபவருக்கு எழுதிக் கொடுக்கட்டும். விளம்பரத்தில் வெயில் மட்டும் அடித்தால் போதுமா? அடுத்த முறை கார் கடைக்குச் சென்றால், இதை நீங்களே கேளுங்கள்.